டிக்கெட் இல்லாத தலைநகரம்

ஹெப்சி மைனி குடும்பம் தில்லியிலிருந்து வந்திருந்தது.
செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் நடுவில்
பதினெட்டு வருசம் வாடகை கொடுத்தவர்கள்.
"உங்க ஊர்ப் பக்கம் பழைய தலைநகரம் ஒண்ணு உண்டாமே"
என்றார் அத்தான்,
ஆப்பத்தைச் சொதியில் முக்கிக்கொண்டே.

காலை ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம்.
இசக்கிப்பாண்டியின் வண்டி.
ஏ.சி. போட்டால் மேட்டில் இழுக்காது என்று
முதலிலேயே சொல்லிவிட்டான்.
திருச்செந்தூர் ரோட்டில் மேடே கிடையாது.
யாரும் அதைச் சொல்லவில்லை.

மேடு என்றால் ஆதிச்சநல்லூர்ப் பரம்புதான்.
அங்கே கண்ணாடித் தரையில் ஏறி நின்றோம்.
காலுக்குக் கீழே தாழிகள்.
ஜெரோம் ஒவ்வொன்றாய்த் தாண்டித் தாண்டிப் போனான்.
மைனி சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்,
கிடப்பவர்கள் நிமிர்ந்து பார்த்துவிடுவார்கள் என்பதுபோல.

நான் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
எலும்பு எனக்குப் புதிதில்லை.
பார்த்ததும் கண் ஓரத்துக்குத்தான் போகும்:
பெயர், வயது, தேதி,
இடதா வலதா.
இங்கே ஓரத்தில் மண்.
"ஆம்பளையா பொம்பளையா அத்தை?"
"இடுப்பெலும்பு தெரிஞ்சாச் சொல்லலாம்."
தெரியவில்லை.

பிறகு ஏரல் தாண்டி
வாழைக்கு நடுவே, வாழைக்கு நடுவே,
மறுபடியும் வாழைக்கு நடுவே
கொற்கை.

"கோட்டை எங்க?"
இசக்கிப்பாண்டி பீடியைக் காதிலிருந்து எடுத்தான்.
"அரண்மனை?"
பீடியைத் திரும்பக் காதிலேயே வைத்தான்.
"டிக்கெட்டாவது எங்க வாங்கணும்?"
"டிக்கெட்டெல்லாம் கிடையாது தம்பி."
ஜெரோம் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டான்,
இது தலைநகரம் இல்லை.
அவன் ஊரில் செத்த ராசாக்கள்கூட
சும்மா பார்க்க விடுவதில்லை.

இருந்தது ஒரு வன்னிமரம்.
இரண்டாயிரம் வயது என்கிறார்கள்.
உடம்பைக் கிடத்திவிட்டுத்
தலையை மட்டும் தூக்கி வைத்திருந்தது,
வார்டில் யாரோ வரும் சத்தம் கேட்டதுபோல.
தோப்புக்குள்ளே அக்காசாலை ஈசுவரர்.
காசு அடித்த இடமாம்.
அத்தான் பேங்கில் கள்ளநோட்டு பிடிப்பவர்.
"இங்க அடிச்ச காசைக் கொண்டுவந்தா
நாங்க வாங்க மாட்டோம்" என்றார்.
அவரே சிரித்துக்கொண்டார்.

இலை அறுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மைனி கேட்டாள்,
"இங்க கடல் இருந்துதாமே?"
"கடலா?
அது காலி பண்ணிப் போயி எம்புட்டோ காலமாச்சே."
அடுத்த வீட்டுக்காரரைச் சொல்வதுபோல,
அரிவாளை நிறுத்தாமல்.
"இப்பம் பழையகாயலுக்கு அங்கிட்டு இருக்கு."
கொஞ்சம் கழித்து,
"யாருகிட்டச் சொல்லிட்டா போச்சு."

உழுத வயலில் ஜெரோம் ஒரு சங்குத் துண்டு எடுத்தான்.
உடைந்ததில்லை. அறுத்தது.
விளிம்பு வளைந்து வழுவழுவென்று இருந்தது.
வளையலுக்கு வட்டம் எடுத்துக்கொண்டு
மிச்சத்தை எறிந்திருக்கிறான் ஒருத்தன்.
வளையல் போய்விட்டது.
எறிந்தது கிடக்கிறது.

என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு விரல் அகலம் இடைவெளி.
நாளைக்கு நாற்பது தடவை சொல்லுகிற வாய் இது:
"வளையலைக் கழத்துங்க."
கழலாதவர்களுக்கு சோப்பு வைத்திருக்கிறேன்.
கண்ணாடிக்குக் கீழே
யாரும் கழற்றச் சொல்லாத கை ஒன்று
இருந்திருக்குமோ என்னவோ.
துண்டை வரப்பிலேயே வைத்துவிட்டு வந்தோம்.
ஜெரோம் ஏரல் வரை பேசவில்லை.
பிறகு பரோட்டா கேட்டான்.

திங்கட்கிழமை முதல் டோக்கன்
ஸ்கூட்டியிலிருந்து விழுந்த ஒரு பெண்.
மணிக்கட்டு வீங்கியிருந்தது.
சோப்பு நுரையில் மெதுவாய்,
மிக மெதுவாய்,
ஆறு கண்ணாடி வளையல்.
"மூச்சப் பிடிக்கணுமாக்கா?"
"கைக்கு வேண்டாம்."
முத்துலட்சுமி அம்மாள்புரம், இருபத்திமூன்று, இடது.
ஓரத்தில் எல்லாம் விழுந்திருக்கிறதா என்று
இரண்டு தடவை பார்த்தேன்.