கீல்

நடுநிசி இரண்டே கால்.
பனிமேல் கொட்டிய சரளையில்
யாரோ பூட்ஸ் காலோடு நடக்கிறார்கள் என்று
முதல் நாள் ஜன்னலுக்குப் போனேன்.
டார்ட்டு நகரம் உறங்கிக் கிடந்தது.
தெருவில் ஆளில்லை.
சத்தம் கட்டிலிலிருந்து வந்தது.
உர்வே தூக்கத்தில்
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பகலில் அவளுக்கு எலித் தாடையோடு வேலை.
காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால்
உருண்டு அசைகிறதே ஒரு குமிழ்,
அதன் தலையில் போர்த்திய குருத்தெலும்பை
வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி
கண்ணாடித் தகட்டில் ஒட்டி
நீலச் சாயம் ஏற்றுவாள்.
நீலம் கெட்டியாக நின்றால் நல்ல குருத்து.
வெளிறினால்,
"பாவம், இதைப் படுத்தி எடுத்திருக்கிறார்கள்" என்பாள்.
படுத்துகிறவர்களில் அவளும் ஒருத்தி.

நான் பாலம் பார்க்கிறவன்.
எமயோகி ஆற்றில் வருஷத்துக்கு இரண்டு முறை
படகில் அடியில் போய்
தளத்துக்கும் தூணுக்கும் நடுவே
நசுங்கிக் கிடக்கிற ரப்பர் மெத்தைகளை
டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்வேன்:
விரிசல். பிதுக்கம். சரி. சரி.
பாரம் என்றால் எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.

"ரப்பர் மாதிரிதானே?" என்றேன் ஒரு நாள் சாப்பிடும்போது.
முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.
"ரப்பருக்குப் பசிக்காது, கல்யோ.
இதற்கு ரத்தக் குழாய் கிடையாது.
அழுத்தினால் நீர் வெளியே போகும்,
விட்டால் உள்ளே வரும்.
அந்தப் போக்குவரத்தில்தான் இதற்குச் சாப்பாடு.
விட வேண்டும். அழுத்துவது இருக்கட்டும்,
விட வேண்டும்."
சொல்லும்போதே இடப்பக்கம் டக் என்றது.

பல் மருத்துவர் ஒரு பிளாஸ்டிக் தகடு கொடுத்தார்.
கஞ்சி குடி, சூப் குடி,
கருப்பு ரொட்டியைத் தொடாதே என்றார்.
ஒரு மாதம் வீட்டில் உருளைக்கிழங்கு மசியல்.
ஐந்தாம் வாரம் ஃபோனில் மூன்று படம் காட்டினாள்.
பல்லில் மேடு கட்டிக் கடியைக் கோணலாக்கிய எலி:
குருத்து கிழிந்து, செல்கள் கொத்துக் கொத்தாய் ஒடுங்கி.
எப்போதும்போல் கடினத் தீனி தின்ற எலி:
நீலப் பட்டை, ஒழுங்காக.
மாவைக் குழைத்து ஊட்டிய எலி:
நோகாமல் தின்றது;
பட்டை பாதிகூட இல்லை.

"நான் மாவு எலி" என்றாள்.

அலமாரியைத் திறந்து
இரண்டு நாள் ஆன ரொட்டியின் அடிக்கட்டையை எடுத்தாள்.
மெல்ல ஆரம்பித்தாள், நிதானமாக.
வலது. இடது. டக். வலது.
தடுக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்தினாள்.
சொல்ல வந்ததை மென்று விழுங்குகிற அந்த முகம்
எனக்குப் பழக்கம்தான்.
அன்று ரொட்டியை மட்டும் விழுங்கினாள்.

"அந்தக் கட்டுரை வந்துவிட்டது.
பதினாலு வருஷத் தகடுகள், நாலாயிரத்துச் சொச்சம்,
ஒவ்வொன்றும் இந்தக் கை சீவியது.
ஒன்பது பேர் பெயர் போட்டிருக்கிறார்கள்.
கடைசியில்
எலி விற்ற கம்பெனிக்குக்கூட நன்றி இருக்கிறது."

அவ்வளவுதான்.
மேஜையிலிருந்த ரொட்டித் தூளை
உள்ளங்கையில் வழித்துக்கொண்டு எழுந்துபோனாள்.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.
பாலத்தில் லாரி ஏறும், குலுங்கும்,
இறங்கிப் போய்விடும்.
அந்த நம்பிக்கையில்தான் கணக்குப் போடுகிறோம்.
ஏறிய லாரி இறங்காமல்
எஞ்சினை ஓடவிட்டபடி
இருட்டில் ஒரே இடத்தில் நின்றால்
எந்தப் படிவத்தில் எழுதுவது?

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம்
வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.
"பார்க்கலாம்" என்றாராம்.

நேற்றும் சரளைச் சத்தம் வந்தது.
ஆனால் நடுவில் இடைவெளி இருந்தது.
அரைத்தாள். விட்டாள்.
விட்டிருந்த நேரத்தை
விழித்துக் கிடந்து எண்ணினேன்.
நாற்பது. நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டில்தான் தெரிந்தது,
என் பற்களும் ஒட்டிக் கிடப்பது.