ஏன் நானூறு

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
சாத்தையா முதலாளி கடையின் பன்னிரண்டு டி.வி.யையும்
ஒரே சானலில் வைத்தார்.
சின்னதும் பெரிதுமாகப் பன்னிரண்டு நான்.
சிகப்பி, தேவகோட்டை, கணகர், வயது 47
என்று கீழே ஓடியது.
ஒற்றை விட்டுவிட்டார்கள்.

முடிவு எனக்குத் தெரியும்.
பிடித்தது ஆவணியில், இது மார்கழி.
வெளியே சொன்னால் பரிசு ரத்து என்று
ஏழு பக்கத்தில் கையெழுத்து.
நாலு மாதம் வாயில் கொழுக்கட்டை.

கடைசிச் சுற்று.
கோயம்புத்தூர் பம்புசெட்காரர் பதினாலாயிரத்து இருநூறு.
நான் ஒன்பதாயிரத்து அறுநூறு.
நாகர்கோவில் பையன் நாலாயிரத்து ஐந்நூறு.
தலைப்பு மட்டும் சொல்வார்கள்: ஆறுகளும் ஊர்களும்.
கேள்வி வருமுன் பந்தயம் எழுத வேண்டும்.

நானூறு என்று எழுதினேன்.

டெலிவரி வண்டி செல்வமணி தலையில் கைவைத்தான்.
பன்னிரண்டு தர்ஷித்தும் ஒரே சமயம் சிரித்தார்கள்.
"நானூறா? மேடம் பயந்துட்டாங்க!"
கைதட்டல்.
கடலை எண்ணெய் விளம்பரம்.

தர்ஷித்துக்கு அன்றுதான் முதல் நாள்.
அதற்கு முன் பதினோரு வருடம்
அந்த இடத்தில் நின்றவர் தேவசகாயம்.
யார் எவ்வளவு வைத்தாலும் கண்ணாடியைக் கழற்றி
"ஏன் இந்தத் தொகை?" என்பார்.
கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார்.
பொண்டாட்டி பிறந்தநாள் என்பான் ஒருவன்.
சும்மா என்பான் இன்னொருவன்.
"சும்மாவுக்கும் ஒரு கணக்கு இருக்குமே" என்பார்.
சோற்றுத்தட்டோடு உட்கார்ந்து
சரியான தொகையை நான் சுவருக்குச் சொல்வேன்.

நான் போனது அந்த ஒரு கேள்விக்காக.
பரிசுக்கு என்றால்தான் ஊர் நம்பும்,
பரிசுக்கு என்றேன்.
சென்னையில் பவுடர் ஒற்றிய பெண் சொன்னாள்,
"சாரை மாத்திட்டாங்கக்கா. போன வெள்ளிக்கிழமை."

யாரும் கேட்காததால் இங்கே:
என் இரட்டிப்பைத் தாண்ட
பம்புசெட்காரர் ஐயாயிரத்து ஒன்று வைப்பார், வைத்தே தீர்வார்.
தவறினால் அவரிடம் ஒன்பதாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
பையன் முழுதும் வைத்து ஜெயித்தாலும் ஒன்பதாயிரம்.
நானூறு வைத்து நானும் தவறினால்
ஒன்பதாயிரத்து இருநூறு.
ஒரு புள்ளி மேலே நிற்பேன்.
அவர் தவற வேண்டும், அது என் கையில் இல்லை.
மிச்சமெல்லாம் இருந்தது.

கேள்வி வந்தது.
சால்வீன் ஆறு கடலில் சேரும் இடத்து ஊர்?

"மோல்மீன்!" கடையே கத்தியது.
அந்தப் பேர் எழுதிய காகிதம் ஒன்றாவது இல்லாத
இரும்புப்பெட்டி இந்த ஊரில் ஏது?
"நம்ம மோல்மீன்ல போயி நானூறா ஆச்சி?"
"மொத்தத்தையும் வச்சிருக்கணும்" என்றார் முதலாளி.

மொத்தத்தையும் வைத்திருந்தால்
பத்தொன்பதாயிரத்து இருநூறு.
அவரும் மோல்மீன் என்றுதான் எழுதியிருந்தார்,
பத்தொன்பதாயிரத்து இருநூற்று ஒன்று.
சொல்ல வாயெடுத்தேன்.
மீதி ஷட்டரும் இறங்கியது.

காலையில் கோயில் புள்ளிவரிக்கு
டி.வி.எஸ். ஐம்பதில் வைரவன் வந்தார்.
புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு புள்ளி.
ஒன்பது வருடமாக நான் அரை.
ரசீதுக்கு நடுவே கார்பன் வைத்தபடி
"ராத்திரி பார்த்தேன்" என்றார்.
இவரும் மோல்மீன் என்பார் என்று நின்றேன்.

"அந்தக் கோயம்புத்தூராரு தவறியிருந்தா
ஒத்தைப் புள்ளியில அடிச்சிருப்பீக, இல்ல?"

சில்லறை எண்ணிய கை நின்றது.
"ஆமா."
"நானூத்தி ஒண்ணு வச்சிருந்தா?"
"ரெண்டு பேரும் சமம்."
"அதான்" என்று தலையாட்டி
அரை என்று எழுதி
கிழித்துக் கொடுத்தார்.