கௌரியும் சௌரியும்

கடல் எட்டிப் பார்க்காத ஊர் இது.
வைகையும் அதைத் தேடிப் போகிறவள் இல்லை.
ஆனாலும் நீலகௌரி எப்படி மூழ்கியது என்று
சிம்மக்கல்லில் வந்து கேளுங்கள்,
பதினோரு விதமாய்ச் சொல்வோம்.

அடியிலிருந்து தூக்கி, துண்டு போட்டு,
தூத்துக்குடியிலிருந்து எங்கள் இரும்புக்கடைகளுக்கு
நாற்பது லாரி வந்த வருஷம் அது.
துரு, சிப்பி, கவிச்சி,
ஒரு லாரியில் உயிரோடு ஒரு நண்டு.
நான் கேஸ் வெட்டுகிறவன்.
கண்ணாடி போட்டுக்கொண்டால்
எனக்கு எல்லாமே பச்சை.

தனுஷ்கோடி முதலாளி சொன்னார்:
அடித்தட்டில் தங்கம்டா.
முங்கினவன் எட்டுப் பேர், கரையேறினவன் ஏழு.
எட்டாமவனுக்கு இன்றைக்கு மூணு மாடி வீடு.
எங்கே என்றால் சிரிப்பார்.

டீ மாஸ்டர் ஞானதிரவியத்துக்கு எல்லாமே இன்சூரன்ஸ்.

பத்திரம் எழுதும் கண்ணபிரான் மட்டும்
எதையும் சொல்லமாட்டார்.
"ராத்திரியில் மட்டும் ஏன் தூக்கினான்?
கேள்விதான் கேட்கிறேன்" என்பார்,
பதில் சொல்லி முடித்த முகத்தோடு.

நானும் சும்மா இல்லை.
நீலகௌரியின் வட்ட ஜன்னல் என்று
இருபத்தாறு விற்றிருக்கிறேன்.
கப்பலில் இருந்ததே பதினெட்டு.

எல்லாக் கதையையும் தின்றுவிட்டு நின்றது ஒன்று:
முங்கினது கௌரியே இல்லை.
அதே கம்பெனி, அதே அச்சு, கிழட்டுத் தங்கை நீலசௌரி.
அவளுக்கு அக்கா பெயரை எழுதி அனுப்பி முக்கிவிட்டார்கள்.
இங்கிலீஷில் ஒரே எழுத்து.
எஸ்ஸை ஜி ஆக்க
அரை டப்பா வெள்ளை போதும்.
நிஜக் கௌரி ஏதோ கொடியில்
ஏதோ கடலில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

பெயர் எழுதிய தகடு
என் கையில்தான் வெட்டுப்பட்டது.
பெயிண்ட் உரிந்த இடத்தில்
அடியில் என்னமோ இருந்தது.
துருவாய் இருக்கும்.
குனிந்து பார்க்கவில்லை.
சோற்றுக்கு முன் முடிக்க வேண்டிய வேலை.

உசிலம்பட்டியிலிருந்து ஒச்சம்மாள் வந்தாள்,
பஸ் டிக்கெட்டை வளையலில் சொருகிக்கொண்டு.
நீலகௌரியின் என்ஜின் அறையில்
ஆயில்மேன் மொக்கராசு அவள் புருஷன்.
கிடைத்த உடல் ஒன்பது. அவன் இல்லை.
ஆபீஸில் கொடுத்த காகிதத்தில் 'காணவில்லை'.
ஏழு வருஷம் கழித்து வந்தால்
செத்ததாய் எழுதித் தருகிறோம் என்றார்களாம்.

தங்கத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.
"கப்பலு ரெண்டுன்னு பேசிக்கிறாகளே தம்பி,
முங்குனது மத்ததுதானா?"

கண்ணபிரான் வாயைத் திறந்தார்.
பெயர் எதுவானால் என்ன,
அவன் ஏறினது முங்கினதில்தானே
என்று சொல்ல வந்தவர்
டீயை ஊதினார்.
ஆறிப்போன டீ.

"அந்தத் தகட்டைக் கொஞ்சம் காட்டுறியா?"

தகடு எப்போதோ கப்பலூர் உருட்டாலைக்குப் போயாயிற்று,
பெயரில் மட்டும் கப்பல் வைத்திருக்கும் ஊருக்கு.
கம்பியாகி, ஆனையூரில் யார் வீட்டு
மாடிப்படிக்குள்ளோ நிற்கிறது.
அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

"எஸ்ஸுதான்க்கா. என் கண்ணால பாத்தேன்."

அன்றையிலிருந்து கடைத்தெருவில்
என் பேச்சுக்கு மறுபேச்சில்லை.
வெட்டினவனே சொல்றான் என்கிறார்கள்.
பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்து கேட்கிறது.
தங்கத்தைக்கூட விட்டுவிட்டார் முதலாளி.

ஒச்சம்மாள் மாசம் ஒருதரம் வருகிறாள்.
எழுத்து எம்புட்டுப் பெரிசு என்றாள் முதலில்.
ஒரு முழம் என்றேன்.
என்ன நிறம் என்றாள் அடுத்த தடவை.
கருநீலம்.
போன மாசம்
வளைவு எந்தப் பக்கம் திரும்பும் என்றாள்,
இங்கிலீஷ் படிக்காதவள்.
தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன்.
கை தடுமாறவில்லை.

மேல்வளைவின் முனையில்
சின்னதாய் ஒரு சிப்பி ஒட்டியிருந்தது.
அதை இன்னும்
அவளிடம் சொல்லவில்லை.