பத்து நிமிடம்

"பார்க்காதீர்கள்," என்றாள் தொலைபேசியில் நர்ஸ்.
"சுத்தமான துணி. அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம்.
நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால்
மறுபடி முதலிலிருந்து."
கொட்டாவியை விழுங்கிய குரல்.
அதில் அவசரம் இல்லாததைப் பற்றிக்கொண்டு
சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன், மடியில் டனிட்சா.

மூன்று வயது. இடது புருவத்தில் வெட்டு.
மேசை முனை.
நான் கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன்,
புன்டா அரேனாஸின் காற்று உள்ளே வராமலிருக்க.
முதுகுக்குப் பின்னால் ஒரு 'டொக்'.
பிறகு அழுகைக்கு முன்னால் வரும் அந்த இடைவெளி,
வாய் திறந்து, மூச்சு உள்ளே போய், வெளியே வராமல்.
அதற்குள் ஒரு ஆள் கிழவனாகிவிடலாம்.

இத்தனை சின்ன முகத்தில்
இத்தனை இரத்தம் எங்கே இருந்தது?
கன்னம், கழுத்து, பூனை போட்ட சட்டை, என் மணிக்கட்டு.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவன் நான்.
நான்கு டன் பெட்டியை நண்டுக் கூடைகளுக்கு நடுவே
ஓசையில்லாமல் இறக்கத் தெரியும்.
ஒரு புருவத்தை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியவில்லை.
மெல்ல அழுத்தினால் கசிகிறது,
பலமாக அழுத்தினால் "அப்பா, நீ கெட்டவன்."

இரண்டாம் நிமிடம் அம்மா வேண்டும்.
நான்காம் நிமிடம் துணியின் நிறம் பிடிக்கவில்லை.
ஆறாவதில், மேசைக்கு ஏன் முனை இருக்கிறது என்று கேட்டாள்.
யோசித்துப் பார்த்தேன். பதில் இல்லை.
அதற்குப் பிறகு என் கட்டைவிரல் தானாகவே
துணியின் ஓரத்தைத் தூக்கப் பார்த்தது.
மற்றக் கையால் அதை ஒரு தட்டு தட்டினேன்.
அவள் சிரித்துவிட்டாள். "இன்னொரு தடவை."

எடுத்தேன். நின்றிருந்தது.
ஒரு அரிசி நீளம். வாய் பிளக்கவில்லை,
பிளந்திருந்தால் தையல் என்று சொல்லியிருந்தாள்.
கையிலெடுத்த கத்தரிக்கோலைத் திரும்ப வைத்தேன்,
புருவ முடியை வெட்டக் கூடாதாம், சரியாக முளைக்காதாம்.
ஆறிய வெந்நீரில் துடைத்து, ஓரங்களைச் சேர்த்து,
மெல்லிய ஒட்டுப் பட்டைகள் மூன்று, குறுக்கே.
"கண்ணாடி காட்டு," என்றாள். ஒளித்து வைத்தேன்.
கெட்டிலின் வயிற்றில் அவளே பார்த்துக்கொண்டாள்,
பூசணி முகத்தில் மூன்று வெள்ளைக் கோடு.
நெடுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வீக்கத்துக்குப் பனிக்கட்டி. உறைபெட்டியில் இல்லை.
மார்ச்சில் பறித்த கலஃபாத்தே பழம் ஒரு பை இருந்தது.
துண்டில் சுற்றி வைத்தேன்.

பை ஓட்டை.

வேலை முடிந்து மிர்த்தா கதவைத் திறந்தபோது
பிள்ளையின் பாதி முகம் கருஊதா, சோபா கருஊதா,
என் தாடி கருஊதா.
அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஓனோஃப்ரே
அடுப்புக் கிளறியோடு ஓடிவந்தார்.
டனிட்சா விரலை நக்கி, "புளிக்குது," என்றாள்.
பிறகு மிர்த்தா கைவிளக்கு அடித்து
பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையும் பிரித்து ஒட்டவில்லை.
அவளிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

வாந்தி எடுத்தால், எழுப்பியும் எழாவிட்டால், உடனே ஆஸ்பத்திரி.
இரவில் இரண்டு முறை எழுப்பினேன்.
இரண்டு முறையும் தெளிவாகத் திட்டினாள்.
நிம்மதியாகக் கேட்டுக்கொண்டேன்.

முழங்கால் என்றால் கால்சட்டைக்குள் போய்விடும்.
முகத்தை எங்கே வைப்பது?
ரொட்டிக்கடையில், பேருந்தில், மழலையர் பள்ளி வாசலில்,
முதலில் அவள் புருவம், அடுத்து என் கைகள்,
கண்கள் அந்த வரிசையில்தான் போயின.
ஆசிரியை அவளைத் தள்ளி அழைத்துப் போய்க் குனிந்து கேட்டாள்.
கேட்கட்டும். கேட்கத்தான் வேண்டும்.
என்றாலும் காது சுட்டது.

"மேசைக்கு முனை இருக்கு," என்றாள் டனிட்சா,
"ஏன்னு அப்பாவுக்குத் தெரியல."