உறை எண் 40617

ஓவ்லு நகரத்தில் ஜனவரி.
பத்து மணிக்கு மேல் விடிந்து
இரண்டரைக்குள் இருட்டிவிடும்.
நடுவில் கிடைக்கும் வெளிச்சத்தில்
செத்த செடிகளின் கிடங்கில் தட்டச்சு செய்கிறேன்:
இனம், ஒட்டியிருந்த மரம், இடம், நாள், எடுத்தவர்.

இந்த உறை ஒரு பால்பண்ணை ரசீது.
மடிப்புக்கு உள்பக்கம் இன்னும் படிக்கலாம்:
பதினொரு கிலோ வெண்ணெய்,
பாக்கி நான்கு மார்க்கா.
உள்ளே விரல் நீளத்தில் ஒரு பிர்ச் சுள்ளி.

ஆர்டூரி கெமிலாய்னென். குசாமோ.
கலைமான் வேலிக்கு வடக்கே,
செப்டம்பர் 1938.

அவர் எடுத்தது பாசியை.
லேபிளில் எழுதியதும் பாசி.
பூஞ்சை ஓசியில் கூட வந்தது.
பெயர் மட்டும் இரண்டு வரிக்கு நீளும்;
கடுகு அதன் பக்கத்தில் மலை.

முப்பத்தொரு வருஷம் கழித்து
ஹில்யா வைனிக்கா லென்ஸை இறக்கி
சுள்ளியின் ஓரம் எண்ணினாள்:
இருபத்தொரு கரும்புள்ளிகள்.
சீட்டு ஒட்டினாள்.
அவர் கண்ணால் காணாத ஒன்றை
ஆர்டூரி எடுத்ததாக அன்று பதிவாயிற்று.
அதற்குள் அவரே
வேறோர் அலுவலகத்தில்
வேறொரு பதிவு, திரும்பாதவர் பட்டியலில்.

இது அதுதானா என்று தெரிய
ஒரு புள்ளியைப் பெயர்த்து
நீர்விட்டு நசுக்க வேண்டும்.
நசுங்கினால்தான் சிதல் தெரியும்.

ஹில்யா எடுத்தது இரண்டு.
1974-இல் ஒருவர் நான்கு. "ஐயம்."
1988-இல் இன்னொருவர் ஆறு. "ஆம், அதேதான்."
2003-இல் ஏழு.
"இல்லை" என்று மட்டும் ஒரு சீட்டு,
கையெழுத்துகூட அவசரத்தில்.

இன்று காலை பெர்கனிலிருந்து கடிதம்.
மரபணு பார்க்க வேண்டுமாம்.
போதிய அளவு இருந்தால்
இரண்டு அனுப்ப முடியுமா?

இருப்பதே இரண்டு.

சுள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பட்டை. வெடிப்பு. ஒரு பூச்சிக்கால்.
உறையை மூடப்போகும்போது
நான்கு மார்க்காவை ஒட்டி
ஒரு புள்ளி.

கணக்கர் வைத்த மையா,
எண்பத்தைந்து வருஷ உலுக்கலில்
கழன்று விழுந்த மூன்றாவதா?
லென்ஸில் இரண்டும் ஒரே கருப்பு.
அறிய ஒரு வழி உண்டு.
ஊசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஜன்னல் நீலமாகி, பிறகு இல்லாமல் போயிற்று.
விளக்கைப் போட்டேன்.
பெர்கனுக்கு நாளை எழுதிக்கொள்ளலாம்.
அளவு என்ற கட்டத்துக்குள்
எண் மட்டுமே ஏற்கும் அந்தக் கணினியை ஏமாற்றி,
குறிப்பு என்ற கட்டத்துக்குப் போய்த் தட்டினேன்:

இரண்டு. அல்லது மூன்று.
ரசீதையும் தூக்கி எறிய வேண்டாம்.