ஒரு மணி நேரத்து நண்பன்

வெள்ளி இரவு. செந்தூல் அடுக்குமாடி.
மின்தூக்கி மறுபடி பழுது.
பதினான்கு மாடி ஏறிய மூச்சு அடங்குமுன்
அட்டை மறைப்புக்குப் பின்னிருந்து
கிருபாகரன் தொடங்கிவிட்டான்:
ஒரு கோட்டை. ஒரு கதவு. ஒரு காவலாளி.

ஜியா ஹுய் வாளை உருவினாள்,
சாத்தே தின்று மிஞ்சிய குச்சி.
அஃபிக் சுவரேற இடம் பார்த்தான்.
நான் தொண்டையைச் செருமினேன்.
என் தாளில் கவர்ச்சி பதினெட்டு.
தாளுக்கு வெளியே எத்தனை என்று
யாரும் உருட்டிப் பார்த்ததில்லை.

பேசிப் பார்க்கலாம்.
வணிகர்கள் என்று சொல்லலாம்,
உன் தளபதிதான் வரச்சொன்னான் என்று
கூசாமல் சொல்லலாம்.
இருபது முகக் கட்டை உருளும்.
எண் கூடி வந்தால் நம்புவான்,
நம்பியது தன் புத்தியால் என்றே
சாகும்வரை இருப்பான்.

வசியம் வேறு.
மையில்லை, சொக்குப்பொடி இல்லை,
மூன்றே நாளில் கணவன் திரும்புவான் என்று
பஸ் நிறுத்தத் தூணில் ஒட்டிய கைப்பேசி எண்ணும் இல்லை.
ஒரு சொல், ஒரு விரலசைவு.
அவனுக்கும் ஒரு கட்டை உண்டு, மறுக்க.
தோற்றால் ஒரு மணி நேரம்
நான் அவன் நண்பன்.
நண்பன்தான், எசமான் இல்லை.
எனக்காகக் கிணற்றில் குதிக்கமாட்டான்.
விதிநூலில் அந்தப் பத்தியின் கடைசி வரி
பொடி எழுத்தில் இருக்கும்:
நேரம் தீர்ந்ததும்
தனக்கு நடந்ததை அவன் அறிவான்.

பகலில் நான்
பங்சாரில் பதினோராம் தளம், காதில் கருவி.
தமிழ் பேசும் கடன்கள் எல்லாம் எனக்கு வரும்.
"அண்ணா, சாப்பிட்டாச்சா?"
பயிற்சித் தாளில் முதல் வரி அது.
மூன்றாம் நிமிடத்தில் பிள்ளைகளின் படிப்பு,
ஐந்தாவதில் கறுப்புப் பட்டியல்.
புதன்கிழமை ரவாங் பக்கம்
லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார் ஆரோக்கியநாதன்.
"நல்ல மாதிரி பேசுறீங்கம்மா" என்றார்.
அந்த அழைப்புக்கு எனக்கு ஐந்து நட்சத்திரம்.
இன்று மதியம்
முன்னூறு ரிங்கிட்டும் வந்து சேர்ந்தது.

வசியம் என்றேன்.
கிருபா மறைவில் உருட்டினான். நான்கு.
"இனி உன் நண்பன். என்ன கேட்கிறாய்?"
கதவைத் திற என்றிருக்கலாம்.
பழக்க தோஷம்,
"பெயர் என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

குறிப்பேட்டில் 'காவலாளி 2' என்றுதான் இருந்தது.
கீழே கடைசி கொமுட்டர் ரயில் கடக்கும்வரை
கிருபா யோசித்தான்.
பெர்ரன் என்றான். மழைக்காலத்தில் முட்டிவலி.
மகளுக்கு முன்பல் ஆடுகிறது,
விழும்போது வீட்டில் இருப்போமா தெரியவில்லை.
மீ கோரேங் பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது.
"கதவு!" என்று அஃபிக் நினைவூட்டினான்.
பெர்ரன் திறந்தான்.
உள்கதவின் சாவி கொஞ்சம் இறுகும்,
தூக்கித் திருப்புங்கள் என்றும் சொன்னான்.

திரும்பவும் அதே வழிதான்.
ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது.
மணியடிக்கவில்லை, ஈட்டியை எடுக்கவில்லை,
படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.
மலாயும் ஆங்கிலமுமாய் ஓடும் எங்கள் ஆட்டத்தில்
முதல்முறையாகக் கிருபா தமிழில் பேசினான்:
"முட்டிவலி நெசந்தாம்மா.
அத மட்டும் கேக்காம இருந்திருக்கலாம்."

என்ன சொல்கிறான் என்றான் அஃபிக்.
"பேசிச் சமாளி," ஜியா ஹுய் என் முழங்கையை இடித்தாள்,
"உனக்குத்தான் கூட்டல் ஏழு இருக்கிறதே."

கட்டை கைதவறி
மேசைக்கடியில் ஓடியது.
குனிந்து தேடினேன்.
கிடைத்துவிட்டது.
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.