எவர்சில்வர்

குகையில், மாவு மில்லுக்கு மேல்,
பதினொன்றுக்கு ஒன்பது அடி அறை.
சுவரெல்லாம் நாமக்கல் முட்டை அட்டை.
ஒவ்வொரு குழியும் ஒரு சத்தத்தைப் பிடித்துவைக்கும்
என்பார் சென்றாயன்.
சிலவற்றில் இன்னும் இறகு ஒட்டியிருக்கிறது.

எங்கள் பெயர் துரு.
துருப்பிடிக்காத தகடு உருட்டுகிற ஊரில்
வேறென்ன பெயர் வைப்பது என்றான் இம்தியாஸ்,
தட்டுவடை செட்டைக் கடித்தபடி.
அப்போது ஒரு பாட்டுகூடக் கிடையாது.
பெயர் இருந்தது,
ஆளுக்கொரு கறுப்பு பனியன் இருந்தது.

இப்போது எட்டுப் பாட்டு.
ஆனியின் கடைசி ஐந்து இரவு.
மணிக்கு முந்நூறு, கரண்ட் போனால் கழிவு உண்டு.
ஆடி ஒன்றிலிருந்து அறை மாரியம்மனுக்கு;
அதில் பேச்சே கிடையாது என்று
முன்பணம் எண்ணும்போதே சொல்லிவிட்டார்.

முதல் இரவே
ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.
"கரகரன்னு வருது தம்பி, எங்கயோ லூஸ் காண்டாக்ட்."
அதுதாங்க வேணும் என்றோம்.
திருப்புளியோடு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.
"காசு குடுத்தா
கரகரப்பு?"

ரெபேக்கா பகலெல்லாம்
அஸ்தம்பட்டியில் பல் டாக்டருக்கு உதவி.
அடுத்தவர் கடைவாயில் ஓடும் ட்ரில்லை
கணுக்காலில் கொண்டுவருவாள்,
இரட்டைப் பெடலில் இறக்கிவைக்க.
பகலில் அரைத்த மிளகாய் நெடி
ராத்திரிதான் மாடி ஏறும்.
மூன்றாம் பாட்டில், இரண்டாம் நிமிடம்,
ஒரு தும்மல் இருக்கிறது.
தாளத்தில் விழுந்ததால் எடுக்கவில்லை.

இம்தியாஸின் ஒரு சுற்றுக்கு நாற்பத்தோரு டேக்.
"இன்னொண்ணு பாப்போம்" என்பார் சென்றாயன்,
கண்ணைத் திறக்காமலே.
எல்லோருக்கும் அதுதான்.
இன்னொண்ணு. இன்னொண்ணு.

மாதேசுக்குத் தொண்டைதான் பிழைப்பு.
புது பஸ் ஸ்டாண்டில்
ஓமலூர் தொப்பூர் தர்மபுரி என்று
தனியார் வண்டிக்கு ஆள் கூப்பிடுகிறவன்.
நாலாம் இரவு தொப்பூர் இறக்கம் பாட்டு.
பிரேக் பிடிக்காத லாரி,
சுவரைத் தேடும் ஸ்டீயரிங்,
க்ளீனர் சீட்டில் அவன் அண்ணன்.
எழுதியவன் அவன்தான். ஒத்திகையில் நூறு தடவை
உறுமியவன்தான்.
மைக் முன்னால், மூன்றாம் வரியில்,
உறுமல் பாதியில் கழன்று
வெறும் குரல் வந்தது,
பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் குரல்கூட அல்ல,
வீட்டுக்குள் இருந்து ஒருவனைக் கூப்பிடும் குரல்.

ரெபேக்கா குச்சியை மடியில் வைத்தாள்.
ஹெட்போனைக் கழற்றாமல்
திரையில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்திருந்தார் சென்றாயன்.
இன்னொண்ணு
என்று சொல்லவில்லை.
எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.
கணக்கில் எழுதவில்லை.

ஐந்தாம் இரவு விடிந்தபோது
படிக்கட்டில் பம்பைக்காரர்கள் மூன்று பேர்,
உறை பிரிக்காத பம்பையோடு.
கதவு வழியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.
ஒருத்தர் கேட்டார்:
"இதுக்குச் சாமி வருமா பாப்பா?"
"வரும்" என்றாள் ரெபேக்கா, ஸ்னேரைத் தோளில் மாட்டியபடி.
"யாருக்குன்னுதான் தெரியல."
அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.
தலையாட்டினார்.

நான் பேஸ் கிடார்.
இதுவரை என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை,
கவனித்தீர்களா? ஆல்பத்திலும் அப்படித்தான்.
இரண்டு நாள் காதில் மாட்டித் தேடினேன்,
சூரமங்கலம் பஸ்ஸில், ஜவ்வரிசி ஆபீஸில்.
நான் எங்குமே இல்லை.
சென்றாயனுக்கு போன் போட்டேன்.
"உங்களை எடுத்துட்டுக் கேட்டுப் பாத்தேன் தம்பி.
வீட்டுக்குத் தரை இல்லாத மாதிரி இருக்குது" என்றார்.
சமாதானம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.
ஆறாம் பாட்டு.
அலமாரியில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளர்களில்
ஒன்று மட்டும்
ந்ந்ந்ந்
என்று நடுங்கத் தொடங்கியது.
நிறுத்தினேன், நின்றது.
போட்டேன்.

அம்மா வந்து டம்ளரை நகர்த்திவைத்தாள்.
இப்போது பக்கத்து டம்ளரும் சேர்ந்துகொண்டது.

சென்றாயனுக்கு இன்னும்
மூவாயிரத்து இருநூறு பாக்கி.
ஆடி முடியட்டும் என்றிருக்கிறார்.